மிச்சம் எவ்வளவு நேரம், மேடம்?

கூடைப்பந்து ஆட்டம் ஆரம்பித்து நாலு நிமிஷம்கூட ஆகியிருக்காது. சுவரில் இருந்த பெரிய கடிகாரம் பொட்டென்று அணைந்துபோனது.

நடுவர் விசிலை ஊதினார். ஆட்டக்காரர்கள் பத்துப் பேரும் நின்ற இடத்திலேயே குனிந்து முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டார்கள். பந்து மட்டும் யாருக்கும் வேண்டாததுபோல உருண்டுபோய்ச் சுவரில் முட்டி நின்றது.

இத்தனை வருஷமாக விசில் ஊதுகிறவருக்குக் கடிகாரம் அணைவதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் விதியைச் சொல்வார். நேராக மேஜைக்குப் போக வேண்டும். அங்கே நேரம் பார்க்கிற டைம் கீப்பரிடம் மிச்சம் எவ்வளவு நேரம் என்று கேட்க வேண்டும். அவர் சொல்வதை வைத்துக்கொண்டு ஆட்டத்தைத் தொடர வேண்டும். அவ்வளவுதான்.

சிக்கல் என்னவென்றால், இன்றைக்கு டைம் கீப்பர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது அவருடைய மனைவி. இருவரும் ஒரு வார்த்தை பேசி ஐந்து நாள் ஆகிறது.

அந்த அம்மாள் அங்கே உட்கார்ந்ததில் தப்பு ஒன்றும் இல்லை. மேஜை அலுவலர் பரீட்சை எழுதித் தேறியவர்தான். சொல்லப்போனால், நடுவர் தன் பரீட்சையில் வாங்கியதைவிடக் கூடுதல் மார்க். வழக்கமாகப் பெண்கள் ஆட்டத்துக்குத்தான் போவார். இன்று வர வேண்டிய டைம் கீப்பருக்குக் கண் சிவந்து வீங்கிவிட்டதால், சங்கச் செயலாளர் காலையிலேயே அந்த அம்மாளுக்குப் போன் போட்டுவிட்டார். வீட்டில் பேச்சு வார்த்தை இருந்திருந்தால் நடுவருக்கு அப்போதே தெரிந்திருக்கும். இல்லாததால், ஸ்கூட்டரில் வரும்போது பஸ் ஸ்டாப்பில் மனைவி நிற்பதைப் பார்த்து, 'அக்கா வீட்டுக்குப் போகிறாள் போலிருக்கிறது, போகட்டும்' என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். ஹாலுக்குள் நுழைந்ததும்தான் தெரிந்தது, அந்த பஸ் எங்கே வருகிற பஸ் என்று.

சண்டையும் அந்த அக்கா வீட்டில் ஆரம்பித்ததுதான். சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். "ஏன் இவ்வளவு லேட்டு?" என்று அக்கா கேட்டார். கேட்டது சும்மா ஒரு வார்த்தை. நம் ஆள் சட்டைக் கையை மேலே தள்ளி வாட்ச்சைக் காட்டி, "உங்க தங்கச்சி கிளம்ப எடுத்துக்கிட்டது நாப்பத்தி மூணு நிமிஷம். வாசல்ல நின்னு நானே ஸ்டாப்வாட்ச் போட்டுப் பார்த்தேன்" என்றார். சகலை சிரித்துச் சிரித்துப் புரையேறி, தண்ணீர் குடிக்கும்படி ஆனது. மனைவியும் சிரித்தார். ஆனால் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் அந்தச் சிரிப்பு போனதுதான், இன்னும் திரும்பவில்லை.

அதற்குப் பிறகு வீட்டுப் பேச்செல்லாம் வெளியூர் ஹாஸ்டலில் இருக்கும் மகள் வழியாகத்தான் நடந்தது. சமையலறையிலிருந்து அம்மா அவளுக்குப் போன் போடுவார். ஒரு நிமிஷம் கழித்துக் கூடத்தில் அப்பாவின் போன் அடிக்கும். "அப்பா, சாப்பாடு ரெடியாம்." அப்பா நன்றி சொல்லிவிட்டு எழுந்துபோவார்.

ஆனால் இங்கே மகளுக்குப் போன் போட முடியாது. நடுவர் மேஜைக்குப் போய், டைம் கீப்பர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஸ்கோரரைப் பார்த்தார். தடித்த கண்ணாடி போட்ட, யார் வம்புக்கும் போகாத மனிதர்.

"ஸ்கோரர் சார், மிச்சம் எவ்வளவு நேரம்னு டைம் கீப்பரைக் கேளுங்க."

ஸ்கோரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அரை அடி தள்ளி உட்கார்ந்திருந்தவரிடம் திரும்பி, "மேடம், மிச்சம் எவ்வளவு நேரம்னு கேக்கறார்" என்றார்.

"எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது சார். கேக்கறவருக்கு வாய் இருக்கா இல்லையான்னு கேட்டுச் சொல்லுங்க."

ஸ்கோரர் இந்தப் பக்கம் திரும்பினார். "சார், உங்களுக்கு வாய்..."

"கேட்டுச்சு சார்."

"கடிகாரம் நின்னா நடுவர் டைம் கீப்பரை நேர்ல கேக்கணும்" என்றார் மனைவி, எதிரே இருந்த கூடையைப் பார்த்தபடி. "நடுவுல ஒரு ஆளை வெச்சுக் கேக்கலாம்னு எந்த விதியில இருக்கு?"

எந்த விதியிலும் இல்லை. அது நடுவருக்கும் தெரியும். தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"மிச்சம் எவ்வளவு நேரம், மேடம்?"

ஐந்து நாளுக்குப் பிறகு கட்டிய மனைவியிடம் பேசிய முதல் வார்த்தை இப்படி அமைந்துவிட்டது.

"ஆறு நிமிஷம் பதினோரு செகண்ட்" என்றார் மனைவி. "மேடம்னு கூப்பிட்டது நல்லா இருக்கு. வீட்லயும் பழகிக்கலாம்."

"இது ஆட்டக்களம்."

"நான் எங்கே இல்லைன்னேன்?"

இப்படி நாலைந்து வார்த்தை போனது. அதற்குள் ஹால் எலக்ட்ரீஷியன் சட்டைப் பையில் டெஸ்டரோடு வந்து கடிகாரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, எங்கோ பின்பக்கம் போனார். கடிகாரம் எரிந்தது. "லூஸ் கனெக்ஷன் சார்" என்றார் திரும்பி வந்து.

நடுவர் அணிகளைத் திரும்பிப் பார்த்தார். நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கான கோப்பையின் இறுதி ஆட்டம் அது. ஒரு பக்கம் வழக்கறிஞர்கள், இன்னொரு பக்கம் பல் டாக்டர்கள். "இவங்க ஓடற வேகத்துக்கு ஒரு நடுவர் போதும், ரெண்டாவது ஆள் எதுக்கு?" என்று செயலாளர் இவரை மட்டும் அனுப்பியிருந்தார். டாக்டர்களைப் பற்றி நடுவருக்குக் கவலை இல்லை. பயந்ததெல்லாம் வழக்கறிஞர்களை நினைத்துத்தான். கடிகாரம் நின்றதற்கு ஆட்சேபம், ஓடினதற்கு ஆட்சேபம் என்று ஆரம்பித்தால் சாயங்காலம்வரை போகும்.

ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை. வழக்கறிஞர் அணியின் கேப்டன், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தவர், "முடிஞ்சுதா சார்? ஒண்ணும் அவசரமில்லை, பொறுமையாவே விசாரிச்சுக்குங்க" என்றார்.

என்ன பண்பான மனிதர் என்று நினைத்துக்கொண்டார் நடுவர்.

ஆட்டத்துக்கு மொத்தம் நாலு பகுதி. இரண்டாவது பகுதியில் கடிகாரம் மறுபடி அணைந்தது. இந்த முறை எலக்ட்ரீஷியன் உதட்டைப் பிதுக்கினார். "கொஞ்சம் நேரம் ஆகும் சார்."

"பரவாயில்லை" என்றார் நடுவர். கடிகாரம் போனால் கை ஸ்டாப்வாட்ச். அதற்குத்தானே வீட்டிலிருந்து ஒன்று கொண்டுவந்து மேஜையில் வைத்திருக்கிறார்? மேஜைக்கு வந்து கையை நீட்டி அதைக் காட்டினார். "இதுல ஓட்டுங்க, மேடம்."

மனைவி அதை எடுத்துப் பொத்தானை அழுத்தி, அவர் முகத்துக்கு நேரே பிடித்தார். கண்ணாடி வெறுமையாக இருந்தது.

"பேட்டரி இல்லை. போன மாசமே மாத்தச் சொன்னேன்."

"என்கிட்டயா சொன்னே?"

"சொன்னேன். டிவியில மேட்ச் ஓடிக்கிட்டிருந்துச்சு. 'ம்'னீங்க. அந்த 'ம்' என்ன கணக்குன்னு எனக்கு இன்னிவரைக்கும் பிடிபடலை."

ஸ்கோரர் தன் தாளில் ஏற்கெனவே கூட்டியிருந்த புள்ளிகளை மறுபடி கூட்ட ஆரம்பித்தார்.

நடுவர் வேறு வழியில்லாமல் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். வைத்த பிறகுதான் அது எந்தக் கடிகாரம் என்று உறைத்தது. மனைவிக்கு அதற்கு முன்னாலேயே உறைத்துவிட்டது. இரண்டு விரலால், கரப்பான்பூச்சியைத் தூக்குவதுபோல அதன் வாரைப் பிடித்துத் தூக்கினார்.

"ஓ. அந்த வாட்ச்."

"ஆட்டத்துக்கு மட்டும் பயன்படுத்துங்க" என்றார் நடுவர், குரலைத் தாழ்த்தி.

"நீங்க பயன்படுத்தின மாதிரி பண்ண மாட்டேன், பயப்படாதீங்க. ஒரு சந்தேகம் நடுவரே. ஆட்டம் நிக்கிற நேரத்துல கடிகாரம் ஓடலாமா?"

"கூடாது."

"ஒரு அணி டைம் அவுட் கேட்டா, அந்த நேரத்தை எதிரணி கணக்குல எழுதலாமா?"

"அதெப்படி எழுதறது?"

"அன்னிக்கு அந்த நாப்பத்தி மூணு நிமிஷத்துல 'சட்டை கசங்கியிருக்கு'ன்னு கொண்டுவந்து நீட்டினது யாரு? இஸ்திரி போட்டேன். 'ஸ்கூட்டர் சாவி எங்கே'ன்னு நின்னது யாரு? தேடிக் குடுத்தேன். கேஸை மூடினேன், மாடிக் கதவைப் பூட்டினேன். கடைசில புடவை கட்ட எனக்குக் கிடைச்சது பத்து நிமிஷம். டைம் அவுட் எல்லாம் நீங்க கேட்டது. நேரம் மட்டும் என் கணக்குல. அதையும் அக்கா வீட்ல எல்லார் முன்னாடியும் ஊதிட்டீங்க."

நடுவர் வாயைத் திறந்தார். அவர் வாயில் விசில் இருந்திருந்தாலும் காற்றுதான் வந்திருக்கும். பின்னால் ஆட்டக்காரர்கள் வரிசையாக மல்லாந்து படுத்திருந்தார்கள். டாக்டர் ஒருவர் பக்கத்தில் கிடந்த வழக்கறிஞரின் கடைவாயை எட்டிப் பார்த்து ஏதோ யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்.

வாட்ச்சில் நேரம் ஓட ஆரம்பித்தது. அடுத்த சிக்கல் உடனே வந்தது. கடிகாரத்தோடு சேர்ந்து ஹார்னும் போய்விட்டதால், பகுதி முடிந்ததை அறிவிக்கச் சத்தம் இல்லை. நடுவர் தன்னிடமிருந்த இன்னொரு விசிலை மனைவியிடம் கொடுத்தார். அது நல்ல யோசனையாகத்தான் தோன்றியது. ஆனால் இரண்டும் ஒரே கடையில் வாங்கிய ஒரே விசில். ஆளை மாற்றச் சொல்லி மேஜையிலிருந்து விசில் வந்தால், களத்தில் இருந்தவர்கள் தப்பு விழுந்ததாக நினைத்துக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். நடுவர் தப்புக்கு ஊதினால், பகுதி முடிந்துவிட்டது என்று நம்பிக்கையோடு பெஞ்சுக்கு ஓடினார்கள். அவர்கள் அன்று அவ்வளவு வேகமாக ஓடியது அப்போதுதான்.

கடைசியில் ஸ்கோரர் தன் டிபன் பாக்ஸைத் திறந்து மூடியையும் ஸ்பூனையும் நீட்டினார். "இதை வெச்சுக்குங்க மேடம். சாப்பாடு ஆறிப்போனாலும் பரவாயில்லை."

மூடியில் ஸ்பூன் விழுந்த சத்தம் ஹாலை நிறைத்தது. முதல் பாதி முடிந்தது.

நடுவர் தாழ்வாரத்துக்குப் போய்த் தண்ணீர் குடித்தார். நாப்பத்தி மூணு நிமிஷம் மண்டைக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. சட்டை, சாவி, கேஸ், மாடிக் கதவு. ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தார். கழிக்கக் கழிக்க மனைவி பக்கம் நியாயம் கூடிக்கொண்டே போனது. ஒரு புது நடுவர் இப்படி நேரத்தைத் தவறாக எழுதியிருந்தால், இவரே அவனை உட்கார வைத்து வகுப்பெடுத்திருப்பார்.

போன் அடித்தது. மகள்.

"அப்பா, உங்க இடது கால் ஷூ லேஸ் அவிழ்ந்திருக்காம். மிதிச்சு விழுந்துடப் போறீங்களாம்."

நடுவர் குனிந்து பார்த்தார். அவிழ்ந்துதான் இருந்தது. "யார் சொன்னா?"

"யார் சொல்லுவா? அம்மாதான். எங்கேர்ந்தோ போன் பண்ணி ரகசியமா பேசறாங்க. ஆமா, நீங்க ஷூ போட்டிருக்கறது அம்மாவுக்கு எப்படித் தெரியும்? நீங்க ரெண்டு பேரும் இப்போ எங்கே இருக்கீங்க?"

"ஒரே ஹால்ல."

"அப்பா, எனக்கு நாளைக்குப் பரீட்சை. நான் என்ன உங்களுக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சா?" போனை வைத்துவிட்டாள்.

நடுவர் குனிந்து லேஸைக் கட்டினார். கட்டும்போது கண்ணாடிக் கதவு வழியாக மேஜையின் அடிப்பக்கம் தெரிந்தது. கடிகாரத்திலிருந்து வந்த ஒயர் ஒன்று மேஜைக்கு அடியில் இருந்த பிளக்கில் போய் முடிந்தது. அந்தப் பிளக்குக்கு ஒரு சாண் தள்ளி மனைவியின் செருப்பணிந்த கால் இருந்தது.

நடுவர் பாதி முடிச்சோடு அப்படியே நின்றுவிட்டார்.

கடிகாரம் நின்றால் நடுவர் மேஜைக்கு வந்தே ஆக வேண்டும். வந்தால் பேசியே ஆக வேண்டும். இது மற்ற யாரையும்விட அந்தப் பரீட்சையில் கூடுதல் மார்க் வாங்கியவளுக்கு நன்றாகத் தெரியும். ஒரு முறை நின்றது. இரண்டாவது முறையும் நின்றது. லூஸ் கனெக்ஷனாம்! எலக்ட்ரீஷியன் பாவம், அவருக்கு என்ன தெரியும்?

விதிப்படி பார்த்தால் இது பெரிய குற்றம். மேஜை அலுவலரே உபகரணத்தில் கை வைப்பது, அதாவது கால் வைப்பது. செயலாளருக்குத் தெரிந்தால் இரண்டு பேருமே வீட்டில் உட்கார வேண்டியதுதான். ஆனால் நடுவருக்குக் கோபம் வரவில்லை. மார்புக்குள் ஏதோ இளகியது. 'என்னோட பேசறதுக்காக ஒரு இறுதி ஆட்டத்தையே நிறுத்தியிருக்காளே' என்று நினைத்தபோது, தாழ்வாரத்தில் யாரும் இல்லாததால் கொஞ்சம் சிரித்தும் விட்டார்.

மூன்றாவது பகுதி ஆரம்பிக்கும்போது கடிகாரம் எரிந்தது. 'சரி, காலை எடுத்துட்டா போலிருக்கு' என்று எண்ணிக்கொண்டார். ஆனால் கொஞ்ச நேரத்தில் பந்து கெட்டது. டைம் அவுட் முடிந்து வழக்கறிஞர்கள் பெஞ்சிலிருந்து வந்த பந்தைத் தோள் உயரத்திலிருந்து விட்டுப் பார்த்தார். இடுப்புவரை எழும்ப வேண்டிய பந்து, தரையில் விழுந்து அப்படியே உட்கார்ந்துகொண்டது.

மாற்றுப் பந்து இருந்தது. அதை விட்டுப் பார்த்தால் தலைக்குமேல் போனது. "இதை வெச்சு ஆடினா எங்க பல்லே போயிடும்" என்றார் டாக்டர்கள் கேப்டன். தன் பல்லை இன்னொரு டாக்டரிடம் காட்ட அவருக்கு விருப்பமில்லை.

பம்பு கிடைத்தது. பம்பில் ஊசி இல்லை. நடுவர் தன் பையைக் கொட்டித் தேடினார். பிறகு மெல்ல மேஜைப் பக்கம் வந்தார்.

"மேடம், காத்தடிக்கிற ஊசி இங்கே எங்கேயாவது..."

மனைவி கைப்பையைத் திறந்து ஊசியை எடுத்து நீட்டினார்.

"இது உன்கிட்டயா இருந்துச்சு? ரெண்டு வாரமா வீடு பூரா தேடிக்கிட்டிருக்கேன்!"

"கேட்டிருந்தா குடுத்திருப்பேன்."

"பேசாம இருக்கும்போது எப்படிக் கேக்கறது?"

"பேசாம இருக்கறது அஞ்சு நாளாத்தானே? மிச்ச நாளெல்லாம் பேசிக்கிட்டுத்தானே இருந்தோம்? நேரக் கணக்குல திரும்பத் திரும்பத் தப்பு பண்றீங்க, நடுவரே."

சொல்லும்போது அவர் உதட்டோரம் துடித்தது. சிரிப்பை அடக்குகிறார் என்பது முப்பது அடிக்கு அப்பாலிருந்தும் தெரிந்திருக்கும். நடுவர் மண்டியிட்டுப் பந்துக்குக் காற்றடித்தார். மனைவி நாற்காலியிலிருந்து எழுந்துவந்து பந்தை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"மெதுவா அடிங்க. ஊசி வளைஞ்சுடும்."

"எத்தனை பந்துக்குக் காத்தடிச்சிருக்கேன்."

"எத்தனை ஊசியை ஒடைச்சிருக்கீங்க?"

காற்று வேண்டிய அளவு ஏறிய பிறகும் இருவரும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார்கள். வழக்கறிஞர் கேப்டன் பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்தபடி, "நல்லா செக் பண்ணிட்டே குடுங்க சார், பந்து விஷயத்துல அவசரப்படக் கூடாது" என்றார்.

கடைசிப் பகுதியின் நடுவே நடுவர் தன் வாழ்நாளில் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தார். எதுவும் கெடாதபோதே விசிலை ஊதினார். 'அவள் மட்டும்தான் நிறுத்துவதா, நம் பங்குக்கும் ஒன்று இருக்கட்டும்' என்று தோன்றியது. "வலை சுருண்டிருக்கு" என்று அறிவித்துவிட்டு, கம்பால் அதைத் தட்டிவிட்டு, கடிகாரத்தில் நேரம் சரியா என்று உறுதிசெய்ய மேஜைக்குப் போனார்.

மனைவி வலையைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார். "வலை நல்லாத்தானே இருந்துச்சு?"

"லேசா சுருண்டிருந்துச்சு."

"ம்" என்றார் மனைவி.

அந்த 'ம்' என்ன கணக்கு என்று நடுவருக்கு நன்றாகவே பிடிபட்டது.

ஆட்டம் முடிய ஒரு மூச்சு நேரம்தான் இருந்தது. புள்ளிகள் சமம். அரங்கில் இருந்த சொற்பப் பேரும், பெரும்பாலும் ஆட்டக்காரர்களின் மனைவிமார்கள், எழுந்து நின்றுவிட்டார்கள். பந்து டாக்டர்கள் கையில். அந்த நேரம் பார்த்துக் கடிகாரம் அணைந்தது.

நடுவர் ஊதினார். ஹால் அமைதியானது. இப்போது நேரம்தான் எல்லாம். ஒரு செகண்ட் கூடினால் கோப்பை ஒரு பக்கம் போகும், குறைந்தால் இன்னொரு பக்கம். நடுவர் மனசுக்குள் ஒரு எண்ணிக்கை வைத்திருந்தார். மேஜைக்கு நடந்தார்.

"மிச்சம் எவ்வளவு நேரம், மேடம்?"

"ஒன்பது செகண்ட்."

"நான் அஞ்சுன்னு வெச்சிருந்தேன்."

"பந்து வெளியே போனப்போ நீங்க கையைத் தூக்கினீங்க. நான் நிறுத்தினேன். நீங்க உங்க கணக்கை நிறுத்தலை."

மனைவியின் குரலில் சண்டை இல்லை, ஒரு களைப்பு மட்டும் இருந்தது. நடுவர் யோசித்தார். கையைத் தூக்கியது உண்மை. அதை மறந்து உள்ளுக்குள் எண்ணிக்கொண்டே போனதும் உண்மை. விதிப்படி கடைசி முடிவு நடுவருடையது. அவர் இரண்டு கேப்டன்களையும் கூப்பிட்டார். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"ஒன்பது செகண்ட். டைம் கீப்பர் சொல்றதுதான் சரி. என் கணக்கு தப்பு." அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் தொடர்ந்தார். "இன்னிக்கு மட்டும் இல்லை. போன வாரமும் கடிகாரத்தை நிறுத்த வேண்டிய இடத்துல நான் ஓடவிட்டுட்டு, நேரத்தை அவங்க தலையில எழுதிட்டேன். எல்லார் முன்னாடியும் சொன்ன தப்பு, அதனால எல்லார் முன்னாடியும் சொல்றேன். மன்னிச்சுடு."

போன வாரம் என்ன ஆட்டம் நடந்தது என்று கேப்டன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அரங்கில் இருந்த மனைவிமார்களுக்கு மட்டும் உடனே புரிந்துவிட்டது. கை தட்டினார்கள். ஸ்கோரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மனைவி வாட்ச்சை எடுத்து ஒன்பது செகண்டுக்குத் தயாராக வைத்துக்கொண்டார். "கையை இறக்குங்க. ஓட விடறேன்" என்றார்.

அந்த ஒன்பது செகண்டில் நடந்ததை நடுவர் சரியாகப் பார்த்தார் என்று சொல்ல முடியாது. கண் மேஜைப் பக்கமே போய்க்கொண்டிருந்தது. டாக்டர்கள் கேப்டன் பந்தை எறிந்தார், அது வளையத்தில் பட்டுத் திரும்பியது. அதைப் பிடித்த வழக்கறிஞர், சமமாக முடிந்தால் கூடுதல் நேரம் ஆட வேண்டியிருக்கும் என்பதை நினைத்தாரோ என்னவோ, பந்து கையில் நழுவி மறுபடி டாக்டரிடமே போனது. "போடுங்க டாக்டர், போட்டுத் தொலைங்க!" என்று எதிரணியிலிருந்தே ஒரு குரல் கேட்டது. டாக்டர் போட்டார். டிபன் பாக்ஸ் மூடி ஓங்கி ஒலித்தது. பல் டாக்டர்கள் ஜெயித்தார்கள். தோற்றவர்கள்தான் அதிகமாகக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். இவ்வளவு பெருந்தன்மையான வழக்கறிஞர்களை நடுவர் பார்த்ததே இல்லை.

எல்லாம் முடிந்து வாசலுக்கு வந்தார்கள். நடுவர் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தார். மனைவி பக்கத்தில் நடந்து வந்தார். பஸ் ஸ்டாப் இருக்கும் பக்கம் அவர் திரும்பவில்லை என்பதை நடுவர் கவனித்தார்.

"வாட்ச்" என்றார் மனைவி, அதை அவரிடம் நீட்டி.

"நீயே வெச்சுக்கோ. உன்கிட்ட இருந்தாத்தான் அது ஒழுங்கா ஓடுது."

மனைவி அதைத் தன் கையிலேயே கட்டிக்கொண்டார். பெரிதாக இருந்தது, முழங்கை வரை போய் நின்றது.

"ஒண்ணு சொல்லட்டுமா?" என்றார் நடுவர். "கடிகாரம் ஏன் திரும்பத் திரும்ப நின்னுச்சுன்னு எனக்கு எப்பவோ தெரியும்."

மனைவி ஒரு நொடி புருவத்தைச் சுருக்கினார். பிறகு கணவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தார். அதைக் கெடுக்க மனசு வராதவர்போலத் தலையைக் குனிந்துகொண்டார். "தெரிஞ்சா சரி" என்றார். "பந்துல காத்து எப்படி இறங்கிச்சுன்னு எனக்கும்தான் தெரியும். வலை சுருண்ட லட்சணத்துலயே கண்டுபிடிச்சுட்டேன்."

நடுவர் பந்தில் கை வைக்கவே இல்லை. சொல்ல வாயெடுத்தார். ஆனால் மனைவி அப்படிப் பார்த்துப் பல நாளாகிவிட்டது. "உன்கிட்ட எதை மறைக்க முடியும்?" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை உதைத்தார்.

மனைவி பின்னால் ஏறி உட்கார்ந்து அவர் தோளில் கை வைத்தார். அப்போதுதான், "சார், ஒரு நிமிஷம்!" என்று வழக்கறிஞர் கேப்டன் முழங்காலில் ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு நொண்டி நொண்டி வந்தார்.

"சார், மேடம், அடுத்த வருஷமும் நீங்க ரெண்டு பேரும் ஜோடியாத்தான் வரணும், நாங்க எலக்ட்ரீஷியன்கிட்டச் சொல்லி ஃப்யூஸைப் பிடுங்கினாலும் சரி, நானே பெஞ்சுக்கு அடியில வெச்சுப் பந்துல காத்தை இறக்கினாலும் சரி, மத்த நடுவருங்க அரை நிமிஷத்துல சரிபண்ணி மறுபடி ஓட விட்டுடறாங்க, நீங்க ரெண்டு பேரும்தான் நாங்க மூச்சு வாங்கி முடிக்கிற வரைக்கும் பேசிக்கிட்டே இருக்கீங்க!"